இளையோர் சஸ்பென்ஸ் நாவல்: "அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லையே" என்ற குறையை எப்படிச் சரிசெய்வது?

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 15 முதல் 18 வயது வாசகர்களுக்கான சஸ்பென்ஸ் நாவல், இரண்டாம் வரைவு முடிந்திருக்கிறது. 72,000 சொற்கள், 34 அத்தியாயங்கள். முடிவையும் சேர்த்தே கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களால் உதவ முடியும்.

மகிழுக்கு 16 வயது. அவளுக்கு 5 வயதாக இருந்தபோது அண்ணன் ஆதன் தன் 17 வயதில் ஏரியில் மூழ்கி இறந்தான். ராத்திரி தனியாக நீந்தப் போனான் என்பதுதான் வீட்டில் சொல்லப்படும் கதை. உண்மையில் சித்தப்பா குடித்துவிட்டு மோட்டார் படகை எடுத்தார், ஆதனும் ஏறிக்கொண்டான். படகை வேகமாகத் திருப்பியதில் அவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். சித்தப்பா தேடிப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்து அப்பாவிடம் சொல்ல, தம்பியைக் காப்பாற்ற அப்பா நீச்சல் கதையைக் கட்டினார். அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. 11 வருடம் கழித்து, 27-ஆம் அத்தியாயத்தில், பரணில் இருக்கும் அப்பாவின் டைரியை மகிழ் படிக்கிறாள்.

படித்தவர்கள் சொன்ன குறைகள் மூன்று. அம்மா ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்பது ஒட்டவில்லை. 10 முதல் 25 வரையான அத்தியாயங்களில் மகிழ் சும்மா சுற்றிச்சுற்றி வருகிறாள். டைரி வந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. எங்கிருந்து பிரிக்க ஆரம்பிக்கலாம்?

பின்கதை

மூன்று குறைக்கும் வேர் ஒன்றுதான் தோழி. உங்கள் ரகசியம் ஒரே கட்டியாக இருக்கிறது. அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கும் அதே முழு உண்மை தெரியும். ஆகவே மூவரில் யார் பேசினாலும் கதை முடிந்துவிடும். பேசாமல் வைக்க நீங்கள் அவர்களின் வாயைப் பொத்துகிறீர்கள், வாசகருக்கு உங்கள் கை தெரிந்துவிடுகிறது.

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் ஆட்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, பாட்டி, மகிழ், தேவைப்பட்டால் ஆதனின் நண்பன். மேலே நான்கு தலைப்பு: இவருக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து, அடுத்தவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார், இன்று சொன்னால் இவர் எதை இழப்பார். நான்காவது பத்தி காலியாக இருக்கும் ஆள் ரகசியம் காக்க மாட்டார், எட்டாம் அத்தியாயத்திலேயே உளறிவிடுவார். "அவமானம்" என்று மட்டும் எழுதி நிரப்பாதீர்கள். அவமானம் ஒரு வருடம் தாங்கும், 11 வருடம் தாங்காது. வீடு யார் பெயரில் இருக்கிறது, மகிழின் படிப்புக்கு யார் பணம் கட்டுகிறார், செத்தவருக்குக் கொடுத்த வாக்கு, வழக்கு வருமோ என்ற பயம், இப்படி இன்றைக்கும் உயிரோடு இருக்கிற காரணம் வேண்டும். சித்தப்பா இப்போது இந்தக் குடும்பத்தைத் தாங்கும் ஆளாக இருந்தால், அப்பா ஒவ்வொரு மாதமும் புதிதாக மௌனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது நடிப்பில் தெரியும்.

இதை வைத்து என் முக்கியமான யோசனை: அம்மாவுக்கு உண்மை தெரியக் கூடாது. அவளிடம் வேறு ஒரு ரகசியம் இருக்கட்டும், அதுவும் பொய்யான ரகசியம். அன்று ராத்திரி படகுத்துறை விளக்கை அணைத்தவள் அவள்தான். இருட்டில் கால் வழுக்கி மகன் விழுந்தான், நான்தான் கொன்றேன் என்று 11 வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கை தவறு என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் திருத்தவில்லை. திருத்தினால் தம்பி மாட்டுவான்.

இப்போது "அம்மா ஏன் சொல்லவில்லை" என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அவள் தன் குற்றத்தை மறைக்கிறாள். உங்கள் நாவலின் கனமும் இடம் மாறுகிறது. ஆதன் இறந்த ஒரு ராத்திரியைவிட, அப்பா அவளை அப்படியே விட்டுவைத்த 11 வருடம்தான் பெரிய குற்றம்.

வேறொரு பலனும் இருக்கிறது. விளக்கு என்பதால் அம்மாவின் நடத்தையில் வெளிப்படையாகவே வைக்கலாம். அந்த வீட்டில் திண்ணை விளக்கு ராத்திரி முழுக்க எரியும், யாராவது அணைத்தால் அம்மா எழுந்து வந்து மறுபடி போடுவாள். முதல் அத்தியாயத்திலேயே எழுதலாம், மகிழ் அதை அம்மாவின் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவாள்.

ஆழ்நீர்

பின்கதை அண்ணா சொன்ன விளக்கு இன்னொரு ஓட்டையையும் அடைக்கிறது. "நீந்தப் போனான்" என்ற பொய் ஒரு நாள்கூட நிற்காது. படகிலிருந்து விழுந்தவன் முழுக்கால் சட்டை, செருப்பு அல்லது ஷூ, கைக்கடிகாரம், பாக்கெட்டில் போன் என்று கிடைப்பான். நீந்தப் போனவன் கரையில் துணி வைத்திருப்பான். விசாரணைக்கு வருகிற முதல் ஆள் கேட்பதே அதுதான். "துறையிலிருந்து வழுக்கி விழுந்தான்" என்றால் உடுப்பு பொருந்துகிறது. சொல்லும் பொய் உடலோடு பொருந்தியாக வேண்டும் என்பதால்தான் அப்பா அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் சம்பந்தமாக வரைவில் சரிபார்க்க வேண்டியவை:

உடல் பெரும்பாலும் முதலில் அடியில் போய்விடும். உள்ளே அழுகல் வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளில் வரலாம், குளிர்ந்த நீரில் வாரக்கணக்காகும், மிகக் குளிர்ந்த ஆழமான ஏரியில் வராமலே போகலாம். நீங்கள் "மூன்றாம் நாள்" என்று வைத்திருப்பதால் கதை நடக்கும் பருவம் வெயில் காலமாக இருக்க வேண்டும். வரைவில் எங்காவது ஸ்வெட்டர் வருகிறதா பாருங்கள்.

ஓட்டமில்லாத ஏரியில் உடல் ஏறக்குறைய விழுந்த இடத்துக்கு நேர் கீழேயே கிடக்கும். மேலே வந்த பிறகு காற்று தள்ளும். ஆகவே துறையிலிருந்து 600 மீட்டர் தள்ளிக் கிடைத்தால் அது கேள்விக்குரிய விஷயம். அதே சமயம், மிதந்த பிறகு காற்றில் நகர்ந்தது என்று எழுதி முடித்துவிடவும் வழி இருக்கிறது. உங்களுக்குத் தேவையான துப்பு இந்த மாதிரிதான்: அன்றைக்கு யாரும் பொய் சொல்லாமலே கடந்து போயிருக்கலாம், இன்றைக்கு ஒரு வரைபடமும் அந்த வாரத்தின் காற்று திசையும் கிடைத்தால் 16 வயதுப் பெண்ணே கண்டுபிடிக்கலாம். காற்று எதிர்த்திசையில் அடித்திருந்தால் போதும்.

உடலில் காயம் இருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வராமல் இருக்காது. புரொபெல்லர் காயம் வேண்டாம். வரிசையாக, ஒரே இடைவெளியில் வளைந்து விழும் வெட்டு அது, பார்த்த உடனே படகு என்று தெரிந்துவிடும். தலையில் ஒரு மோதல் காயம் போதும். உயிரோடு பட்ட காயமாக இருந்தாலும் நீரில் கிடந்தால் ரத்தம் கழுவப்பட்டுப் போகும், இறந்த பிறகு பட்டதா முன்பு பட்டதா என்று பிரிப்பது கஷ்டம். துறைக் கட்டையில் இடித்திருக்கலாம் என்று அறிக்கை முடிந்துவிடும்.

கடைசியாக, யாருக்கும் "அவன் அலறல் கேட்டது" என்று வசனம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதைப் பொய்யாகவே கொடுங்கள். களைத்துத் தத்தளிப்பவரால் கூப்பிட முடியும். மூழ்கும் கட்டம் தொடங்கிவிட்டால் வாய் நீருக்கு மேலே வரும் நேரம் மூச்சுக்கே போதாது, கைகள் பக்கவாட்டில் நீரை அமுக்கும், அசைத்துக் கூப்பிட வராது. 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும், பக்கத்திலிருப்பவருக்கும் சத்தம் கேட்காது. அலறல் கேட்டு ஓடினேன் என்று சித்தப்பா சொன்னால், அவர் சினிமாவில் பார்த்ததைச் சொல்கிறார் என்று அர்த்தம். நீச்சல் மீட்புப் பயிற்சி எடுக்கும் பக்கத்துப் பெண் ஒருத்தி போகிறபோக்கில் இதை மகிழிடம் சொல்லட்டும்.

நினைவுத்தடம்

நீரைப் பார்த்தாகிவிட்டது, மகிழின் தலைக்குள் வருவோம். 5 வயதில் நடந்தது அவளுக்கு "ஒன்றுமே நினைவில்லை" என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலானவர்களின் மிக முந்திய நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டியது. 5 வயதில் வீட்டையே புரட்டிப்போட்ட ஒரு ராத்திரியின் துணுக்குகள் கட்டாயம் இருக்கும். வரிசையாக இருக்காது, காரணம் தெரியாது, ஆனால் வாசனை, ஈரம், யாரோ தூக்கிப்போனது இவை தங்கும்.

அதே நேரம் அந்தத் துணுக்குகளை நம்பவும் முடியாது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய சோதனையில் கார் மோதும் படத்தைக் காட்டி, ஒரு பகுதியினரிடம் "மோதியபோது" என்றும் இன்னொரு பகுதியினரிடம் "நொறுங்க மோதியபோது" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் வகையில் 50-இல் 7 பேரும் இரண்டாம் வகையில் 50-இல் 16 பேரும் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 1995-இல் வெளியான இன்னொரு ஆய்வில், சிறுவயதில் கடையில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதாகச் சொல்லிக் கேட்டபோது, 24 பேரில் கால்வாசிப் பேர் ஓரளவாவது அதை நினைவுகூர்ந்தார்கள்.

இதை நாவலில் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். வீட்டில் 11 வருடமாகக் கேட்ட கதையால் மகிழுக்கு அண்ணன் துறையில் நடந்து போவதைப் பார்த்த "நினைவு" இருக்கட்டும். தெளிவான, முழுமையான படம், ஆனால் பொய். இன்னொரு துணுக்கு: ராத்திரி யாரோ அவளைத் தூக்கிப் படுக்கையில் போடுகிறார், அந்தச் சட்டை ஈரம், பெட்ரோல் வாசனை. மங்கல், ஆனால் நிஜம். துறையில் வழுக்கி விழுந்த கதையில் பெட்ரோலுக்கு என்ன வேலை? தெளிவானதை நம்பி மங்கலானதை ஒதுக்குகிறாள், நாவலின் நடுவில்தான் அது தலைகீழாகிறது.

கனவில் முழு நினைவும் படம் மாதிரி திரும்பி வருகிற காட்சி உங்கள் வரைவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது டைரியின் இன்னொரு வடிவம்தான்.

மைக்கூடு

கனவு இருக்கிறது, அத்தியாயம் 19. ஸ்வெட்டரும் இருக்கிறது. இரண்டும் போகின்றன. நினைவுத்தடம் அக்கா, பெட்ரோல் வாசனை அருமையாகப் பொருந்துகிறது. டைரியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? பழைய போனைச் சார்ஜ் போட்டதும் ஆதனின் செய்திகள் வருவதாக யோசித்தேன்.

இன்னொன்று. படகு இன்ஜினில் ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு உண்டே, அதைச் சின்ன வயதிலிருந்தே மகிழ் விளையாட்டுச் சாமானாக வைத்திருக்கிறாள் என்றால்?

தாழ்ப்பாள்

முதலில் போன். 11 வருடம் கிடந்த லித்தியம் பேட்டரி அடியோடு வடிந்திருக்கும், சார்ஜரில் செருகியதும் திரை ஒளிராது. உப்பியும் இருக்கலாம். பேட்டரி மாற்ற ஒரு ஆள் வேண்டும், திறக்க எண் வேண்டும். பயன்படுத்தாத சிம் எண்ணை நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கும். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் தொடாமல் விட்டால் நீக்கப்படும். இத்தனை தடையையும் கடந்து கிடைப்பது ஒரு ஒப்புதல் வாக்குமூலமாக இருந்தால், டைரிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இறந்தவனோ குற்றவாளியோ எழுதிவைத்த விளக்கம் எதுவும் வேண்டாம். மகிழ் தானே கூட்டிக் கழித்து முடிவுக்கு வரக்கூடிய பொருள் வேண்டும்.

அதற்கு டிஜிட்டல் கேமரா சிறந்தது. படக் கோப்புக்குள் எடுத்த நேரம் பதிந்திருக்கும், அதுதான் எக்ஸிஃப் தகவல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், மெமரி கார்டிலிருக்கும் மூலக் கோப்பில் அப்படியே இருக்கும். சிக்கல், கேமரா கடிகாரம் பெரும்பாலும் தப்பாக ஓடும். பேட்டரி முழுக்க வடிந்து கிடந்தால் தேதி நேரம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். இதுதான் உங்களுக்குப் புதிர்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். அன்று மாலை கூடத்தில் எடுத்த படம் 1. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, சுவர்க் கடிகாரம் 7:40. கோப்பில் பதிந்த நேரம் 14:22. அப்படியென்றால் கேமரா 5 மணி 18 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. அதே வரிசையில் படம் 2: ஏரிப் பக்கம், துறை விளக்கு எரிகிறது, படகு கட்டும் இடம் காலி. பதிந்த நேரம் 16:09. 5:18 கூட்டினால் 21:27. அம்மா விளக்கை அணைத்தது 10 மணிக்கு. ஆக, 9:27-க்கே படகு ஏரிக்குள் போய்விட்டது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து, படம் 2-ஐ எடுத்தது யார்? எந்தக் குடும்பப் படத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அது, எடுத்தவர்தான் படத்தில் இல்லாத ஆள். திண்ணைக் கம்பி படத்தின் குறுக்கே, மேல் பகுதியில் ஓடுகிறது. பெரியவர் எடுத்தால் கம்பி கீழே விழும். 5 வயதுக் குழந்தையின் கண் மட்டம் ஏறத்தாழ 1 மீட்டர். மகிழ் தானே அந்தத் திண்ணையில் குந்திப் பார்த்து, எந்த உயரத்தில் கம்பி அப்படித் தெரிகிறது என்று அளந்தால், எடுத்தது தான்தான் என்று புரியும். கொன்றதே கதைசொல்லிதான் என்ற திருப்பத்தை இந்த வகை நாவல்களில் வாசகர்கள் எதிர்பார்த்தே உட்காருகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போவதுபோலக் காட்டி, அவள் சாட்சி என்று முடிக்கலாம்.

சிவப்புக் கயிறு நல்ல பொருள். முனையிலுள்ள கிளிப்பை ஸ்விட்சில் மாட்டாமல் பெரும்பாலான அவுட்போர்டு இன்ஜின் ஓடாது. ஓட்டுபவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும், அதற்குத்தான் அது.

ஆழ்நீர்

தாழ்ப்பாள் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். கயிறு வீட்டில் இருந்தது என்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. படகை யாரும் எடுக்காமல் இருக்கப் பலர் அதைச் சாவி மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். படகு தெரிந்த வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். கயிற்றை நிரூபணமாக வைக்காமல் நினைவின் கொக்கியாக வையுங்கள். அது ஆணியில் தொங்கும் இடம் படம் 1-இல் கூடத்தின் ஓரத்தில் தெரியட்டும். 7:40-க்கு ஆணியில் காய்ந்து தொங்கிய கயிறு, அவள் கைக்கு வந்தபோது ஈரம் சொட்டியது. அந்த ஈரம் அவள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. நிரூபணம் படம் 2.

சிவப்புமை

துப்பு எல்லாம் தயாராகிவிட்டது, அடுக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது உங்களிடம் நான்கு அடுக்கு இருக்கிறது:

ஊருக்குச் சொன்னது: வழுக்கி விழுந்தான்.
அம்மாவின் ரகசியம்: விளக்கை நான் அணைத்தேன்.
நிஜம்: படகு வெளியே போயிருந்தது.
நிஜத்துக்கும் அடியில்: அம்மா குற்றமற்றவள் என்று அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இவற்றைச் சமமாக 18,000 சொல்லுக்கு ஒன்று என்று உடைக்காதீர்கள். வாசகர் தாளத்தைப் பிடித்துவிடுவார். முதல் சந்தேகம் 8,000-க்குள். அம்மாவின் ரகசியம் 28,000 வாக்கில் வெளிவரட்டும், அதை மகிழும் வாசகரும் இறுதி உண்மை என்றே நம்ப வேண்டும். அதற்கு அந்த அத்தியாயத்தை முடிவு அத்தியாயத்தின் கனத்தோடு எழுத வேண்டும், அம்மா அழுது முடித்து, இருவரும் ஒன்றாகப் படுத்துத் தூங்குகிற அளவுக்கு. மறுநாள் ஒரே ஒரு சின்ன விஷயம் ஒட்டாமல் நிற்கட்டும், பெட்ரோல் வாசனை. 45,000-இல் படகு. நான்காவது அடுக்கு 60,000-ஐத் தாண்டி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால் நல்லது.

நடுப்பகுதி தொய்வதற்குக் காரணம் மகிழ் கேட்கிறாள், பெரியவர்கள் மறுக்கிறார்கள், மறுபடி கேட்கிறாள். கேள்வி கேட்பது செயல் அல்ல. அவள் ஒவ்வொரு முறையும் எதையாவது செலவழித்துத் தகவல் வாங்க வேண்டும்: பாட்டியின் நம்பிக்கை, நண்பனின் நட்பு, பள்ளியில் நல்ல பெயர். 16 வயது என்பதே உங்களுக்குச் சொத்து. வண்டி கிடையாது, கையில் பணம் கிடையாது, போனை அப்பா பார்ப்பார், ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். பழைய கோப்பு ஒன்றைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனால் பெரியவரைக் கூட்டிவா என்பார்கள். துரத்தும் கார் இல்லாமலே பதற்றம் வந்துவிடும். முக்கியமாக, அவளும் பொய் சொல்ல ஆரம்பிக்க வேண்டும். 35,000 தாண்டும்போது அந்த வீட்டில் மிகத் திறமையாக மறைப்பவள் அவளாகவே இருக்கட்டும். அப்பாவைத் தீர்ப்பிடும் நேரம் வரும்போது அது அவளையும் உறுத்தும்.

பொய்யை வாசகர் காதால் பிடிக்கவும் வழி செய்யுங்கள். நிஜ நினைவுகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒத்திகை பார்த்த பொய் வார்த்தை மாறாது. அப்பா ஒரு அத்தியாயத்தில்: "விளக்கை அணைச்சதுக்கு அப்புறம்தான் போயிருக்கான்." பத்து அத்தியாயம் தள்ளிச் சித்தப்பா, வேறு பேச்சுக்கு நடுவில்: "விளக்கை அணைச்சதுக்கு அப்புறம்தான் போயிருக்கான்." பாட்டி மட்டும், "ராத்திரி எப்பவோ எந்திரிச்சுப் போயிட்டான்டி பாவி" என்பாள். அந்த வாக்கியம் முடிவான அறையில் பாட்டி இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்று மகிழ் அதிலிருந்தே கண்டுகொள்ளலாம். அந்த வாக்கியத்தை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறக்காதீர்கள். அப்பா அவள் தலையில் பழியைப் போடுவது அந்த நான்கு சொல்லில்தான் நடக்கிறது.

குறிஞ்சிநிழல்

கதைசொல்லல் பற்றி ஒன்று. மைக்கூடு தன்மையில், அதாவது மகிழே "நான்" என்று சொல்வதாக, எழுதுகிறார் என்று நினைக்கிறேன். ஈரக் கயிறு மகிழுக்கு நினைவிருக்கிறது என்றால் முதல் அத்தியாயத்திலேயே அதை அவள் சொல்லியாக வேண்டும். தன்மைக் கதைசொல்லி தப்பாகப் புரிந்துகொள்ளலாம், தெரிந்ததை வாசகரிடம் ஒளிக்கக் கூடாது. 20-ஆம் அத்தியாயத்தில் "நான் இதுவரை சொல்லாத ஒன்று" என்று வந்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

சிவப்புமை

அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை குறிஞ்சி. நினைக்கவே வலிக்கிற ஒன்றை 16 வயதுப் பெண் சுற்றிப் போவது இயல்புதான். வாக்கியம் பாதியில் திரும்புவது, கயிற்றைத் தொட்டதும் வேறு பேச்சு எடுப்பது, இப்படி விலகுகிற இடத்தை வாசகர் கண்ணில் படும்படி வைத்தால் அது ஏமாற்று ஆகாது.

குறிஞ்சிநிழல்

விலகல் கண்ணில் பட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தக் கதைக்கு அது தேவையே இல்லை. "என்னிடம் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு, முதன்முதலில் கையில் எடுத்தபோது நனைந்திருந்தது, அதைப் பாம்பு என்பேன்" என்று இரண்டாம் அத்தியாயத்தில் நேராகச் சொல்லிவிடலாம். எல்லாத் தகவலும் வாசகர் கையில் இருக்கும், அர்த்தம் மட்டும் இருக்காது. ஒளிப்பதைவிட இது வலுவானது.

வெண்தாள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கதையில் ரகசியம் பிறப்பு சம்பந்தப்பட்டது. பெற்றோர் இருவரும் ஓ, மகள் ஏ. ரத்தப் பிரிவைப் பார்த்து அவள் தத்துப்பிள்ளை என்று கண்டுபிடிக்கிறாள். பிறகு டிஎன்ஏ சோதனையில் ஒருத்தி அவளுடைய பாதி ரத்தச் சகோதரி என்று வருகிறது. சரியா?

தாழ்ப்பாள்

முதல் பகுதி பொதுவிதிப்படி சரி. ஆனால் ஓ என்று காட்டும் ஒருவர் பம்பாய் ரத்த வகையாக இருக்கலாம், 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்டது. சாதாரணச் சோதனையில் ஓ போலவே தெரியும், உள்ளே ஏ அல்லது பி மரபணு மறைந்திருக்கும். மிக அரிது, ஆனால் நாயகி ஒரே தாளைப் பார்த்து முடிவுக்கு வருவதைத் தடுத்து நிறுத்த அது போதும். ஆசிரியரோ மருத்துவரோ "அவசரப்படாதே" என்று சொல்ல நியாயமான காரணம் கிடைக்கிறது.

டிஎன்ஏ பகுதி தப்பு. பாதி ரத்தச் சகோதரி, அத்தை அல்லது சித்தி, பாட்டி எல்லோரும் ஏறக்குறைய 25 சதவீதமே பகிர்வார்கள். சோதனை உறவின் பெயரைச் சொல்லாது, நெருக்கத்தைத்தான் சொல்லும். அவளுடைய வயது தெரியாமல் அத்தையைச் சகோதரி என்று நினைத்து நாயகி நூறு பக்கம் தப்பான வழியில் போகலாம். உங்களுக்கு அது வரம். மேலே பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

இளவேனில்_22

ஆதன் தற்கொலை செய்துகொண்டதாகக் குடும்பம் மறைத்தது என்று மாற்றினால் இன்னும் அழுத்தமாக இருக்காதா?

நினைவுத்தடம்

வேண்டாம் தம்பி. இந்தக் கதையின் விசை அப்பாவின் தேர்வில் இருக்கிறது, தற்கொலை வந்தால் அது சிதறிவிடும். வேறு கதையில் எழுதுவதானால், ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வழிகாட்டுதலைப் படித்துவிட்டு எழுதுங்கள்: முறையை விவரிக்கக் கூடாது, ஒரே ஒரு காரணத்தால் நடந்தது என்று காட்டக் கூடாது, தீர்வாகவோ பெருமையாகவோ காட்டக் கூடாது. செய்திக்குச் சொன்னதுதான், ஆனால் 15 வயது வாசகருக்கு எழுதுபவருக்கும் அது பொருந்தும். கடைசிப் பக்கத் திருப்பமாக அதை வைப்பது மிக மோசம், வாசகரைத் தனியாக விட்டுவிட்டுப் புத்தகம் முடிந்துவிடும்.

மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. கட்டம் போட்டுப் பார்த்ததில் இப்படி வந்திருக்கிறது.

அத்தியாயம் 1: எரியும் திண்ணை விளக்கு. 2: நனைந்த கயிறு, பெட்ரோல் வாசனை, இரண்டும் மறைக்காமல். 4: அப்பாவின் வாக்கியம். 13: அம்மாவின் ஒப்புதல். 15: சித்தப்பா அதே வாக்கியத்தைச் சொல்கிறார். 17: வரைபடமும் காற்றும். 21: கேமரா கணக்கு, படகு. 24: "அலறல் கேட்டது" உடைகிறது. 29: அப்பா. வீடு சித்தப்பா பெயரில். டைரி, கனவு, ஸ்வெட்டர் மூன்றும் போயாயிற்று.

ஒரே சந்தேகம். 29-இல் அப்பா எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறார். அம்மாவும் அங்கேயே கேட்கிறாள். சரியாக இருக்குமா?

பின்கதை

அம்மாவை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள் தோழி. எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டால் காட்சி அப்பாவுடையதாகிவிடும், அவர் அழுவார், வாசகர் அவரைப் பார்ப்பார். 29-இல் மகிழும் அப்பாவும் மட்டும். "அம்மா பத்து மணிக்கு அணைச்சாங்க, படகு ஒன்பதரைக்கே போயிருச்சு, உங்களுக்குத் தெரியும்" என்று அவள் சொல்ல, அவர் மறுக்காமல் "அவகிட்ட சொல்லாத" என்று கேட்டாலே ஒப்புதல்தான். மகிழ் இப்போது அவரைப் போலவே தேர்ந்தெடுக்க வேண்டும்: வீடு போகும், சித்தப்பா போவார், ஒருவேளை அப்பாவும். அந்த முடிவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள், 30.

31-இல் அம்மாவிடம் படம் 2-ஐக் கொடுக்கிறாள். விளக்கம் சொல்ல வேண்டாம், விளக்கு எரிகிறதும் துறை காலியாக இருக்கிறதும் அம்மாவே பார்க்கட்டும். நேரத்தை மட்டும் மகிழ் சொல்லட்டும்.

இதற்குப் பிறகு குறைந்தது 6,000 சொல் மிச்சம் வையுங்கள். இப்போது உங்களிடம் கடைசி அத்தியாயம் 34, ஆக மூன்று இருக்கின்றன, போதும். சித்தப்பா மீது 11 வருடம் கழித்து வழக்கு நிற்குமா, பொய் வாக்குமூலத்துக்காக அப்பா மாட்டுவாரா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கதை நடக்கும் நாட்டின் விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு 32-ஐ எழுதுங்கள், ஏனென்றால் 30-இல் மகிழ் எதற்குப் பயப்படுகிறாள் என்பதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

தாழ்ப்பாள்

ஒரு சின்னச் சேர்க்கை. படம் 2-ஐ 21-இல் முதன்முதலாகக் காட்டாதீர்கள். 9-ஆம் அத்தியாயத்தில், மெமரி கார்டில் இருக்கும் நாற்பது படத்தில் ஒன்றாக, "கோணல்மாணலாக எடுத்த ஏரிப் படம், யாரும் இல்லை" என்று அவள் தள்ளிவிட்டுப் போகட்டும். சுவர்க் கடிகாரம் இருக்கும் படம் 1 வேறு அத்தியாயத்தில் வரட்டும், இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் கணக்கு உடனே தெரிந்துவிடும்.